உள்ளங்கை அளவுக் கணனி: எமது பிள்ளைகளுக்கும் தோட்டத்திற்கும் அதனால் என்ன பயன்?

"அப்பா, எனக்கு ஒரு ஆர்டுயினோ வாங்கித் தாருங்கோ." பாடசாலையிலிருந்து வரும் பிள்ளைகள் இப்படிக் கேட்கும்போது பெற்றோர் பலர் திகைத்துப் போகிறார்கள். அது புத்தகமா, கருவியா, விளையாட்டுச் சாமானா என்று தெரிவதில்லை. விலையைக் கேட்டால் இன்னும் திகைப்பு. வாடகை அறையில் நாலைந்து பேர் நெருக்கிப் படுக்கும் குடும்பத்தில், அரிசிக்கும் வாடகைக்கும் ஒதுக்கிய பணத்தில் கைவைத்து இப்படியொரு பொருளை வாங்கலாமா?

இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. உயர்தர வகுப்பின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்திட்டத்தில் 'பொருட்களின் இணையம்' ஓர் அலகாக இடம்பெற்றுள்ளது. 2013 ஆம் ஆண்டில் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் ஆரம்பிக்கப்பட்டது. ஆகவே பிள்ளைகள் கேட்பது வெறும் ஆசையினால் மட்டுமல்ல. இந்தச் சிறிய கணனிப் பலகைகள் எவை, அவை எப்படி வேலை செய்கின்றன, மண்ணோடு வாழ்ந்த எமது குடும்பங்களுக்கு அவற்றால் ஆகக்கூடியது எது, ஆகாதது எது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

பலகையில் என்ன இருக்கிறது?

வழக்கமான கணனி ஒன்றைத் திறந்து பார்த்தால் உள்ளே பல பாகங்கள் தனித்தனியாக இருக்கும். கணக்குப் போடும் மூளை ஓரிடம், நினைவகம் இன்னோரிடம், வெளிக் கருவிகளை இணைக்கும் துவாரங்கள் வேறோரிடம். இவை எல்லாவற்றையும் ஒரே சிறிய பச்சை அல்லது நீலப் பலகையில் பொருத்திவிட்டால் அதுவே ஒற்றைப் பலகைக் கணனி. திரை இல்லை, விசைப்பலகை இல்லை, பெட்டி கூட இல்லை. அடையாள அட்டையின் அளவே இருக்கும்.

இப்பலகையின் சிறப்பு அதன் ஓரத்தில் வரிசையாக நிற்கும் ஊசிகளிலும் துளைகளிலும் இருக்கிறது. வீட்டுக் கணனிக்கு எழுத்தும் படமும்தான் தெரியும். இந்தப் பலகையோ தன் ஊசிகள் வழியாக வெளியுலகைத் தொட்டுப் பார்க்கிறது. ஓர் ஊசியில் வெப்பமானியை இணைத்தால் சூட்டை அறியும். இன்னோர் ஊசி வழியாக மோட்டரை ஓடச் செய்யலாம், விளக்கை எரிக்கலாம், மணியை அடிக்கலாம்.

குளத்துத் துருசை நினைத்துக் கொள்ளுங்கள். குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று ஒருவர் பார்க்கிறார். வயலுக்கு எவ்வளவு வேண்டும் என்று கணக்கிடுகிறார். பின்பு கதவைத் திறக்கிறார் அல்லது மூடுகிறார். பார்த்தல், தீர்மானித்தல், செய்தல் என்ற இந்த மூன்று வேலைகளையே இப்பலகையும் செய்கிறது. பார்ப்பதற்கு 'சென்சர்' எனப்படும் உணரி. தீர்மானிப்பதற்கு நாம் எழுதிக் கொடுக்கும் செய்நிரல். செய்வதற்கு மோட்டர், விளக்கு, ஆளி போன்றவை. ரோபோ என்று சொல்லப்படும் எல்லா இயந்திரங்களும், சிறியவையோ பெரியவையோ, இந்த மூன்றின் மேல்தான் நிற்கின்றன.

இது எமக்கு முற்றிலும் புதியதா?

பொறியியலாளர்கள் 'முன்மாதிரி' என்று ஒன்றைச் சொல்வார்கள். ஒரு கருவியைப் பெருமளவில் செய்வதற்கு முன்பு, கிடைக்கும் சாமான்களைக் கொண்டு ஒன்றைச் செய்து, ஓடுகிறதா என்று பார்த்து, பிழையைத் திருத்தி, மறுபடி ஓட்டிப் பார்ப்பதே முன்மாதிரி செய்தல். 

இது எமது மக்கள் அறியாத ஒன்றல்ல. 1990 ஆம் ஆண்டின் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லாமல், பற்றரியும் எரிபொருளும் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெயும் பஞ்சுத் திரியும் வைத்துச் சிக்கன விளக்குச் செய்தோம். சில துளி பெற்றோலில் மோட்டார் சைக்கிளைத் தொடக்கி மண்ணெண்ணெயில் ஓட்டினோம். அவற்றை எவரும் வகுப்பறையில் படிப்பிக்கவில்லை. ஒருவர் செய்து பார்த்தார். அயலவர் அதைப் பார்த்துத் திருத்தினார். ஊர் முழுவதும் பரவியது.

இன்று உலகெங்கும் பிள்ளைகள் கணனிப் பலகையை வைத்துச் செய்வதும் இதே வேலைதான். அன்று கையில் டைனமோ இருந்தது. இன்று சிந்திக்கக்கூடிய ஒரு சிறு பலகை இருக்கிறது.

எங்கிருந்து வந்தன?

ஆர்டுயினோ இத்தாலி நாட்டின் இவ்ரேயா என்ற சிறு நகரில், 2005 ஆம் ஆண்டில் ஒரு வடிவமைப்புக் கல்லூரியில் பிறந்தது. மின்னியல் படிக்காத மாணவர்களும் தாம் நினைத்த கருவியைத் தாமே செய்து பார்க்க ஒரு மலிவான பலகை வேண்டும் என்று மசிமோ பன்சியும் அவருடைய தோழர்களும் எண்ணினர். அந்நகரில் அவர்கள் வழக்கமாகக் கூடிய மதுச்சாலை ஒன்றின் பெயரையே பலகைக்கும் வைத்தனர். அதைவிட முக்கியமான ஒன்றையும் செய்தனர். பலகையின் வரைபடத்தை ஒளிக்காமல் உலகுக்குத் திறந்து விட்டனர். யாரும் அதைப் பார்த்து அதுபோன்ற பலகை செய்யலாம். இதனால்தான் இன்று குறைந்த விலையில் 'ஒத்த' பலகைகள் கடைகளில் கிடைக்கின்றன.

றாஸ்பெரி பை என்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் நகரில் தோன்றியது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கணனி விஞ்ஞானம் படிக்க விண்ணப்பிக்கும் மாணவர் தொகை குறைந்து, அவர்களுடைய செய்முறை அனுபவமும் குறைந்து வருவதை எபன் அப்டன் என்பவரும் அவருடைய சகாக்களும் கவனித்தனர். பிள்ளைகள் வீட்டிலுள்ள கணனியைத் திறந்து நோண்டிப் பார்க்கப் பெற்றோர் விடுவதில்லை. விலை உயர்ந்த பொருள் அல்லவா! பழுதானாலும் குடும்பம் தாங்கக்கூடிய விலையில் ஒரு கணனி வேண்டும் என்பதே அவர்களுடைய எண்ணம். 2012 பெப்ரவரி 29 இல் முதற் பலகை 35 அமெரிக்க டொலர் விலையில் விற்பனைக்கு வந்தது. 2024 ஆம் ஆண்டுக்குள் 60 மில்லியனுக்கு மேற்பட்ட பலகைகள் விற்பனையாகிவிட்டன. 2015 டிசம்பரில் இரண்டு பலகைகள் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கே அனுப்பப்பட்டு, பிள்ளைகள் எழுதிய செய்நிரல்கள் அங்கே ஓடின.

அரசுகளும் இதைக் கவனிக்காமல் இல்லை. பிரித்தானியாவில் 2016 ஆம் ஆண்டில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்கு மைக்ரோ பிட் என்ற சிறு பலகை சுமார் 10 இலட்சம் இலவசமாகக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் அதே ஆண்டில் தொடங்கிய 'அடல் டிங்கரிங்' ஆய்வுகூடத் திட்டம் பாடசாலைகளில் 10,000 ஆய்வுகூடங்களை அமைத்தது. பணக்காரப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று மட்டும் இதை ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு வகை, இரண்டு வேலை

கடையில் பலகை கேட்கும்போது பலர் இங்கேதான் குழம்பி, தேவையில்லாத ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். ஆகவே வேறுபாட்டைக் கவனமாக விளங்கிக் கொள்வோம்.

முதல் வகை, றாஸ்பெரி பை போன்ற முழுக் கணனி. அதில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் ஓடும். தொலைக்காட்சிப் பெட்டியைத் திரையாக இணைத்து, கடிதம் எழுதலாம், இணையம் பார்க்கலாம், கமெரா பூட்டிப் படம் எடுக்கலாம். அதன் நினைவு ஒரு சிறிய மெமரி காட்டில் இருக்கிறது. வேலை முடிந்ததும் வீட்டுக் கணனியைப் போலவே ஒழுங்காக அணைக்க வேண்டும். சட்டென்று மின்சாரம் போனால் மெமரி காட்டில் உள்ளவை கெட்டுவிடக்கூடும்.

இரண்டாம் வகை, ஆர்டுயினோ போன்ற கட்டுப்பாட்டுப் பலகை. சரியாகச் சொன்னால் இது முழுக் கணனி அல்ல. இதில் படம் பார்க்க முடியாது, எழுத முடியாது. ஒரேயொரு செய்நிரலை மனதில் வைத்துக்கொண்டு அதையே திரும்பத் திரும்பச் செய்யும். 'ஊனோ' என்ற பலகையின் வேலை நினைவகம் 2 கிலோபைட் மட்டுமே. ஆனால் மின்சாரம் போய் வந்தால், சற்று நேரத்தில் விட்ட வேலையைத் தானாகவே மறுபடி தொடங்கும். அடிக்கடி மின்வெட்டு உள்ள இடத்துக்கு இந்தக் குணம் பெரிய உதவி.

இன்னுமொரு வேறுபாடு. மண்ணின் ஈரம் 'உண்டு', 'இல்லை' என்று இரண்டே நிலைகளில் நிற்பதில்லை. கூடிக் குறைந்து போகிறது. அப்படி ஏறி இறங்கும் அளவை நேரே வாசிக்க ஊனோவில் 6 ஊசிகள் உள்ளன. 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாக அது காட்டும். றாஸ்பெரி பையின் 40 ஊசிகளில் அத்தகைய ஊசி ஒன்றுகூட இல்லை. அதற்கு வேறொரு சிப் வாங்கிப் பொருத்த வேண்டும்.

சுருக்கமாகச் சொன்னால், எழுத்து வேலைக்கும் கமெராவுக்கும் கணனி கற்பதற்கும் றாஸ்பெரி பை. மோட்டர் ஓட்டவும் உணரி வாசிக்கவும் ஆர்டுயினோ. இன்று சிறு வைபை வசதியுடன் வரும் ஈஎஸ்பி32 என்ற சீனத் தயாரிப்பும், 2021 இல் 4 டொலருக்கு வெளியான றாஸ்பெரி பை பிக்கோவும் இரண்டாம் வகையைச் சேர்ந்தவை. 'றாஸ்பெரி பை' என்ற பெயரைப் பார்த்து பிக்கோவை முழுக் கணனி என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.

தோட்டத்தில் இறங்கிய ரோபோ

போட்டிகளுக்குப் பிள்ளைகள் முதலில் செய்வது, தரையில் வரைந்த கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் சிறு வண்டி. இரண்டு சில்லுகளுக்கு இரண்டு மோட்டர். வண்டியின் அடியில் ஒளியை அனுப்பி, அது திரும்பி வருகிறதா என்று பார்க்கும் உணரிகள். வெள்ளைத் தரை ஒளியைத் திருப்பி அனுப்பும். கறுப்புக் கோடு விழுங்கிவிடும். இடது உணரி கறுப்பைக் கண்டால் வண்டி இடப்பக்கம் விலகும் கோட்டின் மேல் நிற்கிறது என்று அர்த்தம். இடது சில்லை மெதுவாக்கினால் வண்டி இடப்பக்கம் திரும்பிக் கோட்டுக்கு வந்துவிடும். இது விளையாட்டுப் போலத் தெரிந்தாலும், பார்த்துத் தீர்மானித்துச் செய்யும் முறையைப் பிள்ளை இதில்தான் கற்றுக்கொள்கிறது.

விவசாயத்துக்கும் இது வந்துவிட்டது. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் றோறி அரொன்சன் என்பவர் 2013 ஆம் ஆண்டில் 'பாம்பொட்' என்ற கருவியின் திட்டத்தை வெளியிட்டார். ஒரு பாத்தியின் இரு ஓரங்களிலும் தண்டவாளம் போல் அலுமினியம், அதன் மேல் நகரும் ஒரு சட்டம். அது விதையை ஊன்றும், கன்றுக்குக் கன்று தண்ணீர் விடும், களையைக் கமெராவில் பார்த்து அமுக்கும். அதன் உள்ளே முழுக் கணனியாக ஒரு றாஸ்பெரி பையும், மோட்டர்களை ஓட்ட ஆர்டுயினோ வகைப் பலகையும் சேர்ந்து வேலை செய்கின்றன. ஒன்று யோசிக்கிறது, மற்றது கை காலாக இருக்கிறது. இதன் விலை ஆயிரக் கணக்கான டொலர், எமக்கு எட்டாதது. ஆனால் அதன் வரைபடமும் செய்நிரலும் எவரும் பார்த்துப் படிக்கத் திறந்து வைக்கப்பட்டுள்ளன.

எமக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் இந்தியாவில் இருக்கிறது. மகாராஷ்டிர மாநிலத்தில் தோட்டங்களுக்கு மின்சாரம் இரவில் நேரம் கெட்ட நேரத்தில் வருவதுண்டு. விவசாயி இருட்டில், பாம்புக்கும் சேற்றுக்கும் பயந்து நெடுந்தூரம் நடந்து போய் மோட்டரைப் போட வேண்டும். புனே நகரைச் சேர்ந்த சந்தோஷ் ஒஸ்ட்வால் என்ற பொறியியலாளர் இந்தத் துன்பத்தை அறிந்து, கைத்தொலைபேசியில் அழைத்தால் மோட்டர் தானாக ஓடவும் நிற்கவும் கூடிய 'நானோ கணேஷ்' என்ற கருவியை உருவாக்கினார். அதிலே பெரிய வித்தை இல்லை. விவசாயியின் கால்நடைத் துன்பம் எது என்று முதலில் அறிந்ததே அதன் வெற்றி.

ஒரு முன்மாதிரி: பாத்திக்குத் தண்ணீர் மாறும் பலகை

ஊரில் இறைப்பு என்றால் ஒருவர் இயந்திரத்தடியில், இன்னொருவர் வாய்க்காலில் தண்ணீர் மாறுவார். மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறப்பார். இந்த அறிவைச் சிறிய அளவில் ஒரு பலகைக்குச் சொல்லிக் கொடுப்போம். பூச்சட்டி ஒன்றும், மிளகாய்க் கன்று ஒன்றும், மேல்மாடி வராந்தாவில் ஒரு மூலையும் போதும்.

தேவையான பொருட்கள்: ஊனோ வகைப் பலகை ஒன்று, மண் ஈரம் அறியும் உணரி ஒன்று, 'றிலே' எனப்படும் மின் ஆளி ஒன்று, 5 வோல்ற்றில் ஓடும் சிறு பம்பி ஒன்று, பழைய தொலைபேசிச் சார்ஜர் ஒன்று, சில வயர்கள், தண்ணீர் வாளி.

1. உணரியைத் தெரிந்தெடுத்தல்: இரண்டு வகை உண்டு. இரண்டு உலோகக் கால்கள் வெளியே தெரியும் வகை மலிவானது. ஆனால் ஈர மண்ணில் மின்சாரம் ஓடுவதால் அந்த உலோகம் விரைவில் அரித்துப் போய்விடும். உலோகம் வெளியே தெரியாமல் பூசப்பட்ட 'கப்பாசிற்றிவ்' வகை நெடுநாள் இருக்கும். சற்றுக் கூட விலை கொடுத்தாலும் பின்னதே இலாபம்.

2. காய்ந்த மண்ணை அளத்தல்: உணரியைப் பலகையில் இணைத்து, நன்கு காய்ந்த மண்ணில் ஊன்றி, கணனித் திரையில் வரும் எண்ணை எழுதிக் கொள்ளுங்கள். உதாரணமாக 590 என்று வரலாம்.

3. ஈர மண்ணை அளத்தல்: தண்ணீர் ஊற்றி, வடிந்த பின்பு மறுபடி பாருங்கள். உதாரணமாக 280 என்று வரலாம். இவ்வகை உணரியில் ஈரம் கூடினால் எண் குறையும். ஒவ்வோர் உணரிக்கும் ஒவ்வொரு மண்ணுக்கும் எண் வேறுபடும். ஆகவே பிறர் சொன்ன எண்ணைப் பாவிக்காமல் நீங்களே அளக்க வேண்டும்.

4. இரண்டு எல்லைகளை வைத்தல்: 480 க்கு மேலே போனால் பம்பி ஓடட்டும், 380 க்குக் கீழே வந்தால் நிற்கட்டும். ஏன் இரண்டு எண்? ஒரே எண்ணை வைத்தால் அந்த எல்லையில் பம்பி விநாடிக்கு விநாடி ஓடியும் நின்றும் பழுதாகிவிடும்.

5. பொறுத்திருக்கச் சொல்லுதல்: ஊற்றிய தண்ணீர் உணரி நிற்கும் ஆழத்துக்கு இறங்க நேரம் எடுக்கும். அதுவரை பம்பி ஓடிக்கொண்டிருந்தால் கன்று மூழ்கிவிடும். ஒரு நிமிடம் ஓடி, பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி பார்க்கும்படி செய்நிரலில் எழுத வேண்டும்.

6. பம்பியை நேரே இணைக்காதிருத்தல்: ஊனோவின் ஓர் ஊசி தரக்கூடிய மின்னோட்டம் சுமார் 20 மில்லி அம்பியர். சிறு பம்பிக்கும் நூற்றுக்கணக்கில் வேண்டும். நேரே இணைத்தால் பலகை கருகிவிடும். இதற்காகவே றிலே. பலகை தரும் சிறு சைகை றிலேயைத் தட்டும். றிலே சார்ஜரிலிருந்து வரும் மின்சாரத்தைப் பம்பிக்குத் திறந்துவிடும். துருசுக் கதவின் கைப்பிடி சிறிது, அது திறந்துவிடும் தண்ணீர் பெரிது அல்லவா? அதைப் போன்றது.

7. வாளியைக் காவல் செய்தல்: தண்ணீர் முடிந்த பின்பும் பம்பி ஓடினால் எரிந்துவிடும். வாளிக்குள் மிதவை ஆளி ஒன்றைப் போட்டு, தண்ணீர் குறைந்தால் பம்பி ஓடாதபடி செய்யுங்கள்.

ஓர் எச்சரிக்கை. வீட்டில் வரும் 230 வோல்ற் மின்சாரத்தில் பிள்ளைகள் கைவைக்கவே கூடாது. 5 வோல்ற்றிலும் 12 வோல்ற்றிலும் மட்டுமே பழக வேண்டும். கிணற்று மோட்டரில் இணைக்கும் நிலை வந்தால் அனுபவமுள்ள மின்னியலாளரே அதைச் செய்ய வேண்டும்.

எண்ணைச் சொல்வது யார்?

மேலே 480 என்றும் 380 என்றும் சொன்னோம். அந்த எண்ணைத் தீர்மானிப்பது யார்? பலகைக்கு மிளகாய் எது, வெங்காயம் எது என்று தெரியாது. வெங்காயத்தின் வேர் மேலாக நிற்கும், மிளகாயின் வேர் அதைவிடக் கீழே போகும் என்பதும், எந்த நிலையில் தண்ணீர் கூடினால் வெங்காயம் அழுகும் என்பதும், காலையில் இலை எப்படி நின்றால் இன்னொரு நாள் பொறுக்கலாம் என்பதும் தோட்டம் செய்தவருக்கே தெரியும். மண்ணைக் கையில் அள்ளிப் பிடித்து, உருண்டையாகிறதா உதிர்கிறதா என்று பார்த்துச் சொல்பவர் தகப்பனோ, தாயோ, பேரனாரோ தான்.

ஆகவே இந்தக் கருவியைப் பிள்ளை தனியே செய்ய முடியாது. அப்பா மண்ணைத் தொட்டு "இப்ப தண்ணி வேணும்" என்று சொல்லும் நேரத்தில் திரையில் தெரியும் எண்ணைப் பிள்ளை எழுத வேண்டும். அந்த எண்ணே எல்லை. ஒரு வாரம் இப்படிச் செய்து பார்த்தால், தகப்பன் தலைமுறையாகக் கற்றது பிள்ளையின் கொப்பியில் எண்ணாக ஏறிவிடும்.

இடம்பெயர்வில் நாம் இழந்தவற்றைக் கணக்கெடுக்கும்போது காணி, வீடு, கிணறு, இறைக்கும் இயந்திரம், மாடு என்று எழுதுகிறோம். கணக்கில் ஏறாத இழப்பு ஒன்று உண்டு. 1990 ஆம் ஆண்டில் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் பலர் செம்மண்ணில் கால் வைக்காமலே வளர்ந்துவிட்டார்கள். பின்பு காணி விடுவிக்கப்பட்ட இடங்களில்கூட, அதில் எப்படித் தோட்டம் செய்வது என்று அறிந்த இளையோர் குறைவு. கொழும்பில் வளரும் பிள்ளைக்கு மண்வெட்டியைக் கொடுத்தால் அது ஓடிவிடும். பலகையைக் கொடுத்தால், அதன் வழியாகவாவது மண்ணைப் பற்றி அப்பாவிடம் கேட்கும். எமது பார்வையில் இதுவே இந்தச் சிறு கருவியின் பெரிய பயன்.

மின்சாரக் கணக்கு

மீளக் குடியேறிய ஊரில் மின்சாரம் இல்லாத காணியில் இதை வைப்பதானால், முன்கூட்டியே ஒரு கணக்குப் பார்க்க வேண்டும். 12 வோல்ற், 7 அம்பியர் மணி என்று எழுதிய சிறு பற்றரியில் 12 × 7 = 84 வாற்று மணி மின்சாரம் இருக்கும். ஈயப் பற்றரியை அடிமட்டம் வரை வெறுமையாக்கினால் அது கெட்டுவிடும். ஆகவே பாதியை, அதாவது 42 வாற்று மணியையே பாவிக்கலாம்.

றாஸ்பெரி பை சுமார் 4 வாற்று எடுக்கும் என்று கொண்டால் 10 மணித்தியாலத்தில் பற்றரி முடிந்துவிடும். ஊனோ பலகை 5 வோல்ற்றில் ஏறத்தாழ கால் வாற்றே எடுக்கும். இடையில் வீணாகும் சிறு அளவை விட்டுவிட்டுப் பார்த்தால் அதே பற்றரியில் அது 168 மணித்தியாலம், அதாவது ஏழு நாள் விழித்திருக்கும். ஒரு சிறு சூரியத் தகடு இருந்தால் அதற்குக் குறையே இல்லை. ஆனால் ஒரு குதிரைவலு கிணற்று மோட்டருக்கு 746 வாற்று வேண்டும். பலகைக்குப் போதுமான பற்றரி மோட்டரை ஓட்டாது. இரண்டையும் ஒன்றென எண்ணி ஏமாற வேண்டாம்.

வாங்குமுன் கவனிக்க வேண்டியவை

முதலில், எதையும் வாங்காமலே கற்கலாம். 'ரிங்கர்கேட்' என்ற இணையத் தளத்தில் ஆர்டுயினோ பலகையைத் திரையிலேயே வைத்து, வயர் இணைத்து, செய்நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கலாம். பணம் இல்லை, எரிந்துபோகும் பயமும் இல்லை. பாடசாலைக் கணனியில் ஒரு மாதம் இதைச் செய்த பின்பும் பிள்ளைக்கு ஆர்வம் குறையவில்லையா? அப்போது பலகை வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

இரண்டாவது, ஆர்டுயினோவுக்குச் செய்நிரல் ஏற்றப் புதிய கணனி தேவையில்லை. பழைய கணனி ஒன்று போதும். பலகையின் மேல் விலைக்கு மடிக்கணனியும் வாங்க வேண்டும் என்று சொல்பவர்களை நம்ப வேண்டாம்.

மூன்றாவது, கொட்டாஞ்சேனையில் இருப்பவர்களுக்குப் புறக்கோட்டை நடை தூரம்தான். முதலாம் குறுக்குத் தெருப் பக்கத்து இலத்திரனியல் கடைகளில் ஏறி இறங்கி விலை கேளுங்கள். ஒரே பொருளுக்குக் கடைக்குக் கடை விலை வேறுபடும். ஆர்டுயினோவின் வரைபடம் திறந்தது என்பதால் 'ஒத்த' பலகை வாங்குவது குற்றமல்ல. பழகுவதற்கு அது போதும். அத்தகைய சில பலகைகளுக்குக் கணனியில் ஒரு சிறு துணை மென்பொருள் ஏற்ற வேண்டியிருக்கும். கடையிலேயே கேட்டுக் கொள்ளுங்கள்.

நான்காவது, பெட்டி நிறையச் சாமான்களோடு 'ரோபோ பயிற்சி' என்று விற்பவர்களிடம் கவனம். நாற்பது சாமான் உள்ள பெட்டியில் பிள்ளை பாவிப்பது ஏழெட்டாகவே இருக்கும். இன்று தேவையானதை இன்று வாங்குங்கள். பழைய பிரின்டர், பழுதான சிடி பிளேயர் போன்றவற்றுள் நல்ல மோட்டர்களும் பற்சில்லுகளும் கிடைக்கும். பழைய இரும்புக் கடையும் எமக்கு ஒரு பாடசாலையே.

ஐந்தாவது, விலை டொலரில் நிற்கிறது என்பதை மறவாதீர்கள். 35 டொலர்ப் பலகை 2012 இல் வெளிவந்தபோது அது சுமார் 4,200 ரூபா. 2022 ஆம் ஆண்டு ரூபாவின் பெறுமதி வீழ்ந்த பின், டொலர் ஒன்று 300 ரூபா என்று கொண்டாலும் அதே 35 டொலர் 10,500 ரூபா. வரியும் கடைக்காரர் இலாபமும் அதற்கு மேல். ஒரு குடும்பம் தனியே வாங்குவதைவிட நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிப் பிள்ளைகள் முறைவைத்துப் பாவிப்பது நல்லது. சேர்ந்து செய்யும்போது பிள்ளைகள் ஒருவரின் பிழையை ஒருவர் கண்டுபிடிப்பார்கள்.

பழுதாகாமல் பார்த்துக் கொள்வது

இப்பலகைகள் குளிர் நாட்டு அறைகளை நினைத்துச் செய்யப்பட்டவை. எமது ஊரில் எறும்பு, பல்லி, உப்புக் காற்று, இடி மின்னல் எல்லாம் அதற்கு எதிரிகள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் வைத்து, வயர் நுழையும் துளையை அடைத்து விடுங்கள். தரையில் வைக்காமல் உயரத்தில் கட்டுங்கள். இடி முழங்கும்போது நீண்ட வயர்களைக் கழற்றி விடுங்கள்.

றாஸ்பெரி பையின் ஊசிகள் 3.3 வோல்ற்றையே தாங்கும். ஊனோவில் பாவித்த 5 வோல்ற் உணரியை அப்படியே அதில் இணைத்தால் பலகை கெட்டுவிடும். இன்னொன்று, றாஸ்பெரி பையின் பழைய பலகைகளில் கடிகாரம் இல்லை. இணையம் இல்லாத ஊரில் மின்சாரம் போய் வந்தால் அதற்கு மணி மறந்துவிடும். காலை ஆறு மணிக்குத் தண்ணீர் விடச் சொன்னால் நடுச்சாமத்தில் விடும். சிறு பற்றரியோடு வரும் கடிகாரப் பாகம் ஒன்றைத் தனியே வாங்கிப் பூட்ட வேண்டும்.

இது எதைச் செய்யாது?

இந்தப் பலகை காணியைத் திருப்பித் தராது. உப்பான கிணற்றை நன்னீராக்காது. வெங்காயத்துக்குச் சந்தையில் விலை வாங்கித் தராது. கால் ஏக்கர்த் தோட்டத்தில் தன் கையால் தண்ணீர் மாறுபவருக்கு இதனால் பெரிய மிச்சம் வந்துவிடாது. அவருடைய கண் எந்த உணரியையும்விட நன்றாகப் பார்க்கும். 'இது வந்தால் விவசாயம் மாறிவிடும்' என்று யாராவது மேடையில் சொன்னால், "எந்தப் பயிருக்கு, எவ்வளவு செலவில், எத்தனை நாளில்?" என்று எழுந்து கேளுங்கள்.

ஆனால் எவரும் பறிக்க முடியாத ஒன்றை இது தரும். ஒரு வேலையைப் பார்த்து, அதைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் செய்து பார்த்து, பிழைத்த இடத்தைத் தேடித் திருத்தும் பழக்கமே அது. இந்தப் பழக்கம் உள்ள பிள்ளை நாளை தொலைபேசி திருத்தலாம், சூரியத் தகடு பூட்டலாம், குளிரூட்டி திருத்தலாம், பல்கலைக்கழகம் போகலாம். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன. வயலும் பலகையும் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல அடையாளம் எமக்கு வேண்டியதில்லை.

பெற்றோருக்கு நாம் கூறும் ஆலோசனை இதுதான். பிள்ளை கேட்டவுடன் கடன்பட்டு வாங்கவும் வேண்டாம், "உழவன் பிள்ளைக்கு இது எதற்கு?" என்று தட்டிக் கழிக்கவும் வேண்டாம். அயலிலுள்ள நாலு குடும்பங்களைக் கேளுங்கள். பாடசாலையில் கணனி படிப்பிக்கும் ஆசிரியரைச் சந்தியுங்கள். முதல் மாதம் திரையில் பழகட்டும். அதன் பின்பு ஒரு பலகை, ஓர் உணரி, ஒரு பூச்சட்டி. அந்தச் சட்டியில் என்ன கன்று வைப்பது, எப்போது தண்ணீர் விடுவது என்பதை நீங்கள் சொல்லிக் கொடுங்கள்.